வீட்டிற்கேற்ற தொலைக்காட்சித் திரை

கதவு செய்ய மரம் வாங்கச் செல்பவர் நிலையின் அளவைக் குறித்துக்கொண்டு செல்கின்றார். கட்டில் வாங்கச் செல்பவர் அறையின் நீளத்தை அறிந்து செல்கின்றார். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும் நாம் மட்டும் எந்த அளவும் எடுத்துச் செல்வதில்லை. கடையில் எது மிகுதியாக ஒளிர்கின்றதோ, அதுவே சிறந்தது என்று முடிவு செய்கின்றோம். இம்முடிவு எவ்வளவு தவறானது என்பதை நான் ஒரு மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

2010-ஆம் ஆண்டில் என் அன்னையாருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கண்புரை அறுவைக்குப் பின்னும் பழைய சிறு பெட்டியில் தெரிந்த உருவங்கள் அவருக்குத் தெளிவாக இல்லை. ஆகவே, சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு, பெரிய திரை ஒன்று வாங்கச் சென்றேன். கடையில் இருவகைத் திரைகள் அருகருகே இருந்தன. ஒன்று கண்ணைப் பறித்தது. மற்றொன்று, பிளாஸ்மா என்னும் வகை, சற்று மங்கலாகத் தோன்றியது. நான் முன்னதைச் சுட்டினேன். அங்குப் பணியாற்றிய என் பழைய மாணவன், “ஐயா, உங்கள் கூடத்தில் சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது? பாட்டியம்மா எத்தனை அடி தூரத்தில் உட்காருவார்கள்? ஒரே நிகழ்ச்சியை நெடுநேரம் பார்ப்பார்களா?” என்று மூன்று வினாக்களைத் தொடுத்தான். வினாக்கேட்டே வாழ்ந்த எனக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை.

அவ்வினாக்களின் பொருளை அறிய, பிளாஸ்மாத் திரை இயங்கும் முறையை முதலில் அறிதல் நலம். நம் வீட்டுக் குழல் விளக்கை எண்ணிப் பாருங்கள். அதனுள் மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வெளியிடுகின்றது. அக்கதிர் குழலின் உட்பூச்சில் பட்டு வெண்மை ஒளியாகின்றது. பிளாஸ்மாத் திரையும் இவ்வாறானதே. இரு கண்ணாடிப் பலகைகளுக்கிடையே பல இலட்சம் நுண்ணறைகள். அவற்றில் நியான், செனான் ஆகிய வாயுக்கள். அறைதோறும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு பூச்சு. ஒவ்வோர் அறையும் தானே ஒளிரும் சிறு விளக்கு. திரவப் படிகத் திரையிலோ பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னுள்ள படிகங்கள் அவ்வொளியை மறைத்தும் விடுத்தும் படத்தைக் காட்டும்.

இத்திரை பள்ளிக்காகப் பிறந்தது என்பதை அறிந்தபோது ஆசிரியனாகிய நான் மகிழ்ந்தேன். 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, இராபர்ட் வில்சன் ஆகிய மூவர் இதனைக் கண்டனர். கணிப்பொறி வாயிலாகப் பாடம் கற்பிக்கும் ‘பிளேட்டோ’ என்னும் அமைப்புக்கு, எழுதியதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் திரை ஒன்று தேவைப்பட்டது. கரும்பலகை போல நின்று காட்டப் பிறந்த அத்திரையே 1990-களின் பிற்பகுதியில் வண்ணத்தோடு வீடுகளுக்கு வந்தது.

இனி, மாணவனின் வினாக்களுக்கு வருவோம்.

முதலாவது ஒளி. கடையில் நூறு விளக்குகள் எரியும். அங்கே மிகுந்த ஒளியுடைய திரையே வெல்லும். ஆனால் இரவில் விளக்கைத் தணித்துத் திரைப்படம் பார்க்கும் அறையில் வேண்டுவது ஆழ்ந்த கருமை. பிளாஸ்மா அறை அணைக்கப்பட்டால் ஏறக்குறைய இருண்டுவிடும். ஆகவே இருட்காட்சிகள் அதில் இயல்பாகத் தெரிந்தன. விரைந்தோடும் காட்சிகள் கலங்கவில்லை. பக்கவாட்டில் அமர்ந்தோருக்கும் நிறம் மாறவில்லை. பகலில் சன்னல் எதிரே இருந்தால் மட்டும் கண்ணாடியில் வெளிச்சம் தெறித்துப் படம் வெளிறிற்று. எங்கள் கூடத்தின் சன்னல் பக்கவாட்டில் இருந்தது. எனவே பிளாஸ்மா பொருந்திற்று.

இரண்டாவது தொலைவு. உயர்தெளிவு என்னும் சொல்லில் பலர் மயங்குகின்றனர். ஒருவகைப் படத்தில் 1280 பெருக்கல் 720 புள்ளிகள். முழு உயர்தெளிவில் 1920 பெருக்கல் 1080, அஃதாவது 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள். ஆனால் நலமான கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 42 அங்குலத் திரையில் இவ்விரண்டின் வேறுபாட்டை எட்டடிக்கு அப்பாலிருந்து காண்பது அரிது. முழு உயர்தெளிவின் நுட்பம் முற்றும் தெரிய ஐந்தரை அடியில் அமரவேண்டும். “பாட்டியம்மாவுக்குப் புள்ளிகளைக் கூட்டுவதைவிட நாற்காலியை இரண்டடி முன்னே போடுவதே நல்லது” என்றான் மாணவன். விலை குறைந்த பெட்டியையே வாங்கினேன். நாற்காலியையும் முன்னே நகர்த்தினேன். அன்னையார் முதன்முறையாக முகங்களை அடையாளம் கண்டு மகிழ்ந்தார்.

மூன்றாவது வினாவை நான் பொருட்படுத்தவில்லை. அசையாத உருவம் பிளாஸ்மாத் திரையில் நெடுநேரம் நின்றால், அவ்விடத்துப் பூச்சு மிகுதியாகத் தேய்ந்து தழும்பு விழும். அன்னையார் விடியற்காலை முதல் ஒரே பக்தி ஒளிபரப்பைப் பார்த்தார். ஓராண்டில் அதன் முத்திரை வலப்பக்க மூலையில் பதிந்துவிட்டது. எச்சரிக்கப்பட்டும் கேளாத குற்றம் என்னுடையதே.

பிளாஸ்மாவின் காலம் நெடிது நிற்கவில்லை. அது மின்சாரத்தை மிகுதியாக உண்டது, எடையும் மிகுதி, இன்னும் நுண்ணிய புள்ளிகளுக்காக அறைகளைச் சிறிதாக்குவதும் கடினம். இதற்கிடையே திரவப் படிகத் திரைகளின் விலையும் குறைந்தது. பானசானிக் 2013-இன் இறுதியிலும், சாம்சங், எல்ஜி ஆகியவை 2014-இலும் உற்பத்தியை நிறுத்தின. இன்று பழைய பெட்டியை வாங்க எண்ணுவோர், திரை முழுவதும் வெண்மையும் பின்னர்ச் சாம்பல் நிறமும் காட்டச் செய்து தழும்புகளைத் தேடவேண்டும். உதகை போன்ற உயர்ந்த மலையூர்களில் காற்றழுத்தம் குறைவதால் அப்பெட்டிகள் இரைவதும் உண்டு.

எனினும் அம்மூன்று வினாக்கள் பழமையடையவில்லை. இருண்ட அறையில் படம் பார்ப்போர்க்கு, புள்ளிதோறும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை ஏற்றது. ஆனால் அதிலும் தழும்பு விழக்கூடும். வெளிச்சமான கூடத்தில் நாள் முழுதும் பார்ப்போர்க்குத் திரவப் படிகத் திரையே தக்கது. 55 அங்குல 4கே திரையின் நுட்பம் முற்றும் தெரிய ஏறக்குறைய நான்கடிக்குள் அமரவேண்டும். பத்தடியில் அமர்வோர் புள்ளிகளின் எண்ணிக்கைக்கெனப் பெரும்பொருள் செலவிடுதல் வீண். மேலும், மெல்லிய பெட்டியில் நல்ல ஒலிபெருக்கிக்கு இடமில்லை. வீட்டைத் திரையரங்காக்க விரும்புவோர் ஒலிக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்குக. உரையாடல் கேளாத படம் எவ்வளவு தெளிவாயினும் பயனென்ன?

என் அன்னையார் இன்று இல்லை. அப்பெட்டி இன்னும் இயங்குகின்றது. வெண்மையான காட்சி வரும்போது மூலையில் அம்முத்திரை மங்கலாகத் தெரியும். மாற்றிவிடலாமே என்று பிள்ளைகள் கூறுகின்றனர், எனக்கு மனமில்லை. எத்தனை புள்ளிகள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தாம் அமர்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிகின்றது என்று மட்டுமே கூறினார். ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் அளவுநாடாவை எடுத்து, வீட்டில் யார் எங்கே அமர்கின்றார் என்பதை அளந்துகொள்ளுங்கள்.