ஆஸ்கார் வைல்ட்: புகழும் சிறையும்

ஆங்கில நாடக மேடையை நகைச்சுவையால் ஆண்டவர் ஆஸ்கார் வைல்ட். ஆயினும் அவர் ஆங்கிலேயரல்லர், ஐரிஷ்காரர். இதை மறந்துவிட்டு அவருடைய சாதுரியப் பேச்சை மட்டும் புகழ்வோர் பலர். நாம் அவரை வேறு விதமாக நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் 1854-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார். அன்னையார் ஜேன், 'ஸ்பெரான்ஸா' என்ற புனைபெயர் பூண்டு 'நேஷன்' என்னும் தேசியப் பத்திரிகையில் எழுதிய வீராங்கனை. ஐரிஷ் மக்களை ஆயுதமெடுக்கும்படி அறைகூவி 1848-இல் அவ்வம்மையார் எழுதிய கட்டுரை வந்த இதழைச் சர்க்கார் பறிமுதல் செய்தது.

அத்தகைய தாயின் மைந்தர் லண்டன் பிரபுக்களின் போலி வாழ்வை மேடையேற்றியதில் வியப்பென்ன? 1892 முதல் 1895 வரை நான்கு இன்பியல் நாடகங்கள் அரங்கேறின. அவற்றுள் ஒன்றின் நாயகன், சூயஸ் கால்வாய் பற்றிய அரசாங்க இரகசியத்தை விற்றுச் செல்வனாகி, பின்னர் உத்தமனென்று பெயரெடுத்த அரசியல்வாதி. பிரபுக்கள் தங்களையே கண்டு கை கொட்டிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கடைசி இன்பியல் நாடகம் 1895 பிப்ரவரி 14-இல் அரங்கேறிற்று. சரியாக நூறாம் நாளில், மே 25-இல், அதன் ஆசிரியருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆண்களிடையே நிகழும் உறவைக் குற்றமாக்கிய 1885-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு ஆயுதமாயிற்று. வழக்கு நடந்தபோது கொட்டகைக்காரர்கள் விளம்பரப் பலகைகளில் அவர் பெயரை அழித்துவிட்டு, நாடகத்தை மட்டும் நடத்திக் காசு சேர்த்தார்கள். ஆளை வெறுத்தவர்களுக்கு வசூல் கசக்கவில்லை!

1897 மே மாதம் விடுதலையானவுடன் வைல்ட் முதலில் எழுதியது தம் துயரத்தையன்று. ரெடிங் சிறையில் பசித்திருந்த ஒரு சிறு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்த குற்றத்திற்காக மார்ட்டின் என்ற காவலர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அதைக் கண்டித்து 'டெய்லி கிரானிகிள்' பத்திரிகைக்கு நீண்டதொரு கடிதம் விடுத்தார். 1898-இல் சிறைத் திருத்த மசோதா பார்லிமெண்டுக்கு வந்தபோது மறுபடியும் எழுதினார். ரெடிங் சிறையைப் பற்றிய அவருடைய கதைப்பாட்டு, பெயருக்குப் பதிலாகக் கைதி எண்ணைத் தாங்கி அவ்வாண்டில் வெளிவந்தது. 1900 நவம்பர் 30-இல், பாரிஸில், வறுமையில் மாண்டார்.

அவரை வீழ்த்தியது போன்றதொரு விதியை, 1860-இல் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவாக ஆங்கிலேயர் நம் தலையிலும் சுமத்தியிருந்தனர். இங்கிலாந்து 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்திற்று. நாமோ சுதந்திரம் பெற்று 71 ஆண்டுகள் அந்நியன் விட்டுச்சென்ற அவ்விலங்கைக் காத்திருந்தோம். 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆண்டவர்களை அனுப்பிவிட்டால் போதுமா? அவர்கள் எழுதிய சட்டங்களையும் ஆராய வேண்டாமா?

பிரபுக்களைச் சிரிக்க வைத்த வைல்டை உலகம் போற்றட்டும். சிறைப்பட்ட குழந்தைக்காகப் பேசிய வைல்டை நாம் போற்றுவோம்.