முளையிலே கருகலாமா?

“புகை பிடித்தால் புற்றுநோய் வருமாம்! வரட்டும், அதற்கு இன்னும் நாற்பது ஆண்டு கிடக்கிறதே!” - பதினாறு வயதுப் பிள்ளை இப்படித்தான் பேசுகிறான். மீசை அரும்பாதவனிடம் முதுமையின் நோயைக் காட்டி மிரட்டினால் அஞ்சுவானா? சிரிக்கிறான், பற்ற வைக்கிறான்!

தோழர்களே, நாம் சொல்லுகிறோம்: புகை நாற்பது ஆண்டு காத்திருப்பதில்லை. அன்றைக்கே வரி வசூலிக்கிறது!

இழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளைக்கு ஏறுகிறது. இதயம் படபடக்கிறது, இரத்தக் குழாய் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. கூடவே நுழைகிறது கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுக் காற்று. பிராணவாயுவைச் சுமக்க வேண்டிய சிவப்பணுவிலே, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு உரியவன் வெளியே, வந்தேறிய நச்சு உள்ளே!

நாமக்கல் பட்டறைத் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஏர் பில்டர் அடைத்த லாரி, பாரத்தோடு மேடு ஏறுமா? பிள்ளையின் நெஞ்சும் அப்படித்தான். கபடிக் களத்திலே மூச்சடக்கிப் பாடிப் போக வேண்டியவன் திணறுகிறான். சங்ககிரிக் கோட்டைப் படியிலே பாதியில் உட்காருகிறான். இருமல், சளி, இளைப்பு! புகைக்கும் இளைஞரின் இதயம், சும்மா இருக்கும்போதே, புகைக்காதவரைவிட நிமிடத்துக்கு 2, 3 துடிப்பு கூடுதலாக ஓடுகிறது என்றும், வளரும் பருவத்து நுரையீரல் முழு வளர்ச்சி பெறாமல் குன்றுகிறது என்றும் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அறிக்கை 1994லேயே கூறிவிட்டது.

“பீடிதானே!” என்பாரும் உண்டு. பீடிப் புகையிலே நிக்கோடினும் நச்சுக் காற்றும் சிகரெட்டைவிட அதிகம்!

“வேண்டாமென்றால் விட்டுவிடுவேன்” என்பான் பிள்ளை. 25 வயதுவரை வளரும் மூளையை நிக்கோடின் எளிதிலே அடிமையாக்குகிறது. தினமும் பிடிக்காதவனையும் அது விடுவதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக்கூடாது, கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவருக்குக் கொடுத்தால் 7 ஆண்டுவரை கடுங்காவல், லட்ச ரூபாய்வரை அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம்.

ஆனால், “ஓடிப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வாடா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறவர் யார்? தில்லிக்காரரா? ஆலை முதலாளியா? பெற்ற தகப்பன் அல்லவா! பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும், சின்னப் பையனிடம் தீப்பெட்டி நீட்டுகிற கை நம் தோழன் கையாக இருக்கலாமா?

இனி அனுப்பாதீர்; நீட்டாதீர். பழகிவிட்ட பிள்ளையை அடிக்காதீர், அருகழைத்துப் பேசுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலே வழிகாட்ட ஆள் உண்டு. விட்ட 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்து நச்சுக் காற்று இயல்பு அளவுக்கு இறங்குகிறது. கெடுதி அன்றைக்கே வந்ததுபோல, நன்மையும் அன்றைக்கே வரும்!