புதுச் சட்டை என்றாலே ஏன் இந்த அழுகை?

தீபாவளி காலை. எண்ணெய்க் குளியல் ஆயிற்று, மஞ்சள் வைத்த புதுத்துணி ரெடி. ஆனால் ரெண்டு வயசு வாண்டு அந்த ஜிப்பாவைப் பார்த்ததும் தரையில் விழுந்து புரள்கிறது. பழைய சட்டைதான் வேண்டுமாம். அக்கா பிள்ளையோ, அண்ணன் பிள்ளையோ, உங்கள் சொந்தப் பிள்ளையோ, இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று பெரியவர் ஒருவர் சொல்லியும் இருப்பார்.

ஆனால் 'அடம்' என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது. பல பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை மீது கோபமே இல்லை. ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குத் திடீரென்று மாறுவதுதான் கஷ்டம்.

தோலுக்குள் நடப்பது என்ன?

காலையில் நீங்கள் சட்டை போட்ட சில நிமிடங்களில் அது உடம்பில் இருப்பதே உங்களுக்கு மறந்துபோகும். கைக்கடிகாரமும் அப்படித்தான். தொடர்ந்து வரும் ஒரே மாதிரியான தொடுதலைத் தோலில் உள்ள உணர் நரம்புகள் கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், மூளையும் அதை ஓரங்கட்டிவிடும். சில பிள்ளைகளுக்கு இந்த 'ஓரங்கட்டும்' வேலை மெதுவாக நடக்கிறது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபல், தோள்பட்டைத் தையல், காலுறையின் நுனி எல்லாம் அவர்களுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜீன் ஏயர்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த செயல்முறைச் சிகிச்சையாளர். மருத்துவமனையில் 'ஓடி' என்று சொல்வார்களே, அந்தத் துறை. மெல்லிய தொடுதலைக்கூடத் தாங்க முடியாத பிள்ளைகளைப் பற்றி 1960-களிலேயே எழுதினார். 1972-இல் வந்த அவருடைய நூல் இன்றும் அத்துறையில் பேசப்படுகிறது.

டெம்பிள் கிராண்டின் சொல்வது இன்னும் நேரடியானது. ஆட்டிசம் உள்ள அவர், கால்நடை அறிவியல் துறைப் பேராசிரியராக உயர்ந்தவர். சிறுவயதில் வாரம் முழுக்க காற்சட்டை போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்குப் பாவாடை போடுவது அவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது. எப்போதும் பாவாடையே போட்டிருந்தால் காற்சட்டைதான் வேதனையாக இருந்திருக்கும் என்கிறார் அவர். புதுவகை உடைக்குப் பழக அவருக்கு நாள்கணக்கில் ஆகுமாம். நமக்கு அஞ்சு நிமிஷம் போதும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அதனால்தான் அழுகை.

குளிர்காலமே இல்லாத ஊரில் என்ன மாற்றம்?

இந்தத் தலைப்பில் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் பனி பெய்யும் நாட்டு ஆலோசனைதான் கிடைக்கும்: கோட்டிலிருந்து அரைக்கைச் சட்டைக்கு மாறுவது எப்படி என்று. நெகிரி செம்பிலானில் அது எதற்கு? நமக்கு வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே புழுக்கம். பிள்ளைகள் வீட்டில் ஒரு சிங்லெட்டும் சின்ன சிலுவாருமாகவே வளர்கிறார்கள். வேறு துணிக்குப் பழகும் வாய்ப்பே அவர்களுக்குக் கம்மி. அதனால் மாற்றம் வரும்போது பெரிதாகத் தெரிகிறது.

கோலா சாவா வட்டாரத் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆனால் கொசு. டிங்கி பயத்தில் முழுக்கைச் சட்டையும் நீளச் சிலுவாரும் போட வேண்டும். ஏடிஸ் கொசு காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும் என்பதால் இந்த உடையை அழகுக்கு என்று விட்டுவிட முடியாது. அப்புறம் தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ போகும்போது சீருடை. பெம்பர்ஸிலிருந்து உள்ளாடைக்கு மாறுவதும் உடை மாற்றம்தான், பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. திருவிழா வந்தால் ஜரிகை.

தோட்ட வாழ்க்கையில் இன்னொன்றும் இருந்தது: நேரம். ரப்பர் காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டிய அம்மாக்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளையின் மனசுக்கேற்ப மெதுவாக உடை மாற்றும் வசதி அன்று யாருக்கு இருந்தது? இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி செம்பனை. கொட்டகையின் இடத்தில் தாஸ்கா வந்துவிட்டது. இருந்தாலும் தொழிற்சாலை வேனைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்பும் அம்மாவுக்கு அதே அவசரம்தான். அவரிடம் "பொறுமையா இருங்க" என்று சொல்வது சும்மா வாய்வார்த்தை. காலையில் நேரம் இல்லையென்றால், வேலையை வேறு நேரத்துக்கு நகர்த்துவதுதான் வழி.

காலையில் வேண்டாம், முதல் வாரமே ஆரம்பிங்க

புதுத்துணி வாங்கிய அன்றே ரெண்டு, மூணு தடவை துவைத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும் துணியில் மொடமொடப்பு நிற்க ஏதாவது போட்டிருப்பார்கள். அது போனால் பாதி உறுத்தல் போய்விடும். வீட்டில் வழக்கமாகப் போடும் சோப்புத் தூளையே போடுங்கள், பழகிய வாசனை பிள்ளைக்குத் தைரியம் தரும். லேபலை வெட்டும்போது அடிவரை வெட்டுங்கள். பாதியில் விட்டால் மிச்சம் இருக்கும் முனை முன்பைவிட மோசமாகக் குத்தும்.

அடுத்து, சட்டையைப் போடச் சொல்லாதீர்கள். விளையாடும் இடத்தில் கிடக்கட்டும். பொம்மைக்குப் போடட்டும், அப்பா தலையில் மாட்டிச் சிரிக்கட்டும். ரெண்டு நாள் கழித்து, பிள்ளை நல்ல மூடில் இருக்கும்போது, அநேகமாகக் குளித்துச் சாப்பிட்ட பிறகு, ரெண்டு நிமிஷம் போட்டுக் கழற்றுங்கள். கேட்டவுடன் கழற்றுவது முக்கியம். 'அழாமலே இதிலிருந்து வெளியே வரலாம்' என்று தெரிந்தால் அடுத்த தடவை அஞ்சு நிமிஷம் தாங்கும். இப்படி ஒரு வாரம் போனால் தீபாவளி காலையில் அந்த ஜிப்பா பழைய நண்பன்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். புதுச் சட்டை என்றால் சிலுவார் பழசாகவே இருக்கட்டும். ஜரிகைப் பாவாடைக்கு உள்ளே தினமும் போடும் பருத்தி சிங்லெட்டைப் போட்டால் தோலுக்குத் தெரிவது பழைய துணிதான். போட்டோவில் யாருக்குத் தெரியப்போகிறது?

மெல்லத் தடவித் தடவி உடை போடுவதும் சில பிள்ளைகளுக்குக் கூச்சம் தரும். போடுமுன் கைகால்களை உள்ளங்கையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிடுங்கள், பாட்டி எண்ணெய் தேய்ப்பது போல. அழுத்தமான தொடுதல் பலரை அமைதிப்படுத்தும். "இதைப் போடுறியா?" என்று கேட்டால் "மாட்டேன்"தான் பதில். "நீலமா, மஞ்சளா?" என்று கேளுங்கள். ரெண்டு வயசு, தன் உடம்பு தன்னுடையது என்று பிள்ளை கண்டுபிடிக்கும் வயசு. தேர்ந்தெடுக்க ஏதாவது கொடுத்தால் சண்டை குறையும்.

சாயங்கால முழுக்கைச் சட்டைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதில் பேரம் பேச இடமில்லை. மெல்லிய, தொளதொளப்பான பருத்தியாகப் பார்த்து, ஒரே மாதிரி மூணு வாங்கிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், விளக்கு போடும்போது என்று வைத்துக்கொண்டால், நாளடைவில் அதுவும் பழக்கமாகிவிடும்.

எப்போது கிளினிக் போகணும்?

துணி பிடிக்காத பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படி இல்லை. ஆனால் தொடுதல், சத்தம் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறிய எதிர்வினை, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உடையோடு சேர்த்து வேறு சிலவும் இருந்தால் கவனியுங்கள்: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பேசிய வார்த்தைகளை இழப்பது, உணவிலும் ஒன்றிரண்டைத் தவிர எதையும் தொடாதது.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் பிள்ளையைக் காட்டப் போகும்போது, 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சாட் கேள்வித்தாள் கொடுப்பார்கள். அவசர அவசரமாக டிக் போட்டுவிட்டு வராதீர்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே சொல்லலாம். தேவைப்பட்டால் அவர்கள் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கோலா சாவாக்காரர்களுக்கு அருகில் இருப்பது சிரம்பானின் துவாங்கு ஜஅபார் மருத்துவமனை. 1987-இல் தொடங்கிய நாசோம் என்ற தேசிய ஆட்டிசச் சங்கமும் பெற்றோருக்கு வழிகாட்டுகிறது.

போகுமுன் ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள்: எந்தத் துணி, எந்த நேரம், எவ்வளவு நேரம் அழுதது, எதைச் செய்ததும் நின்றது. முடிந்தால் அந்தச் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.