புதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ்!

ஒருவர் புதிதாகத் தையல் மெஷின் வாங்குகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதன் புது மோட்டாரைக் கழற்றி வைக்கிறார். பழைய மோட்டாரைத் தேடி எடுத்து மாட்டுகிறார்.

"இவருக்கு என்ன பைத்தியமா?" என்றுதானே கேட்கத் தோன்றும்?

இப்படிப்பட்ட ஒரு காரியத்தை ஆயிரக்கணக்கான பேர் செய்தார்கள். அதுவும் அமெரிக்காவில்!

அவர்கள் மாற்றியது மோட்டார் அல்ல. கம்ப்யூட்டரை இயக்கும் "விண்டோஸ்".

இது நடந்தது 2007, 2008-ம் ஆண்டுகளில். "புதியது வேண்டாம், பழையதையே கொடுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். பலர் தாங்களே மாற்றவும் துணிந்தார்கள். கவனம் தப்பினால், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் முதல் கல்யாணப் படம் வரை எல்லாமே அழிந்துபோகும் ஆபத்து அதில் இருந்தது.

அப்படியும் ஏன் மாற்றினார்கள்? மாற்றியவர்கள் பட்ட பாடு என்ன?

உள்ளே இருக்கும் மேஸ்திரி

கம்ப்யூட்டர் என்பது பல உறுப்புகள் சேர்ந்த மெஷின். எழுத்துகளைத் தட்டக் கீபோர்டு. பார்ப்பதற்குத் திரை. கணக்கு, கடிதம், படம் ஆகியவற்றைச் சேமித்து வைக்க டிஸ்க். காகிதத்தில் அச்சடிக்கப் பிரிண்டர்.

இவை தாமாகச் சேர்ந்து வேலை செய்யமாட்டா.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் இருப்பார். சித்தாள் இருப்பார். தச்சர் இருப்பார். எல்லோரையும் வேலை வாங்க ஒரு மேஸ்திரி வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த மேஸ்திரிக்குப் பெயர்தான் "ஆபரேட்டிங் சிஸ்டம்".

அது கையால் தொடக்கூடிய பொருள் அல்ல. டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. ஆகவே அதை அழித்துவிட்டு வேறு ஒன்றை எழுதிவிடலாம்.

உலகில் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் மேஸ்திரி "விண்டோஸ்". அதைத் தயாரிப்பது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி.

ஐந்து ஆண்டு பழக்கம்

2001-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ந் தேதி "விண்டோஸ் எக்ஸ்.பி." விற்பனைக்கு வந்தது. மக்களுக்கு அது பிடித்துவிட்டது. வீட்டிலும், கடையிலும், ஆபீசிலும் அதுவே இடம் பிடித்தது.

அதற்கு அடுத்தது "விண்டோஸ் விஸ்டா". பொதுமக்களுக்கு அது 2007-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதிதான் கிடைத்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எக்ஸ்.பி.யில் எது எங்கே இருக்கிறது என்பது மக்களுக்கு அத்துபடி ஆகியிருந்தது.

விஸ்டா பார்ப்பதற்கு அழகாக இருந்தது. திரையில் தோன்றும் கட்டங்கள் கண்ணாடி போலப் பளபளத்தன. ஆனால் வாங்கிய பலர் முகம் சுளித்தார்கள்.

காரணம் என்ன?

இடம் போதவில்லை!

கம்ப்யூட்டருக்கு "மெமரி" என்று ஒன்று உண்டு. வேலை செய்யும் மேஜை போன்றது அது. மேஜை பெரிதாக இருந்தால் பல காகிதங்களை விரித்து வைத்து வேகமாக வேலை செய்யலாம். சிறியதாக இருந்தால் ஒன்றை எடுத்து, இன்னொன்றை வைத்து, நேரம் போய்விடும்.

எக்ஸ்.பி. ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 64 மெகாபைட் மெமரி போதும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. விஸ்டாவுக்கோ குறைந்தபட்சமே 512 மெகாபைட்! அதாவது எட்டு மடங்கு. கண்ணாடிப் பளபளப்பு எல்லாம் வேண்டும் என்றால் 1 ஜிகாபைட், அதாவது பதினாறு மடங்கு வேண்டும்.

டிஸ்க்கிலும் அப்படித்தான். எக்ஸ்.பி.க்கு ஒன்றரை ஜிகாபைட் இடம் போதும். விஸ்டாவுக்கு 15 ஜிகாபைட் காலி இடம் வேண்டும்.

விலை மலிவான கம்ப்யூட்டர்களில் விஸ்டா நத்தை போல ஊர்ந்தது.

பழைய பிரிண்டர் பலவும் அதோடு ஒத்துழைக்கவில்லை. ஒரு சாமானைச் சேர்க்கப் போனால், "இதை அனுமதிக்கலாமா?" என்று திரை மங்கி, கேள்வி வந்து நிற்கும். ஒரு முறை அல்ல, பல முறை.

அந்தக் கேள்விக்கு நியாயம் இல்லாமல் இல்லை. எக்ஸ்.பி.யில் வீட்டில் உள்ள எல்லோரும் முழு அதிகாரத்தோடு கம்ப்யூட்டரை உபயோகித்து வந்தார்கள். திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் "வைரஸ்" கட்டளைகளுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிட்டது. அதைத் தடுக்கவே விஸ்டா வாசலில் காவல்காரனை நிறுத்தியது. ஆனால், வீட்டுக்காரரையே ஒவ்வொரு தடவையும் "யார் நீ?" என்று கேட்டால் கோபம் வராதா?

கோர்ட்டுக்குப் போன ஸ்டிக்கர்

விஸ்டா வருவதற்கு முன்பே, 2006-ம் ஆண்டில், கடைகளில் இருந்த கம்ப்யூட்டர்கள் மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "இது விஸ்டாவுக்குத் தகுதியானது" என்பது அதன் பொருள்.

அதை நம்பிப் பலர் வாங்கினார்கள். ஆனால் அவற்றில் சில கம்ப்யூட்டர்களில் விஸ்டாவின் சாதாரண ரகம்தான் ஓடியது. கண்ணாடிப் பளபளப்பு வரவில்லை.

2007-ம் ஆண்டு சியாட்டில் நகரக் கோர்ட்டில் வழக்கு வந்தது. வழக்கில் மைக்ரோசாப்ட் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2008-ம் ஆண்டில் வெளியாயின.

அதில் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி மைக் நாஷ் என்பவரே ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஏமாந்திருந்தார்! 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மெஷின், வெறும் ஈ-மெயில் பார்க்கும் மெஷினாகிவிட்டது என்று அவர் எழுதியிருந்தார்.

வாங்கிய எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த முடியாது என்று 2009-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனாலும், விஸ்டாவின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

"பழையதைக் கொடு!"

வாடிக்கைக்காரர்களின் குரல் ஓங்கியது. கம்ப்யூட்டர் விற்கும் டெல் கம்பெனி 2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் அறிவிப்பு செய்தது. சில வீட்டுக் கம்ப்யூட்டர்களை மீண்டும் எக்ஸ்.பி.யோடு தருவதாகச் சொன்னது.

எக்ஸ்.பி. விற்பனையை 2008-ம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் நிறுத்த மைக்ரோசாப்ட் எண்ணியிருந்தது. பிறகு கெடுவை ஜூன் மாதம் 30-ந் தேதிக்குத் தள்ளிப்போட்டது.

"இன்போவேர்ல்டு" என்ற அமெரிக்க ஏடு, "எக்ஸ்.பி.யைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு மகஜர் தயாரித்தது. அதில் 2 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கம்பெனி, தன் பழைய சரக்கையே தொடர்ந்து விற்க வேண்டும் என்று மகஜர் கொடுப்பது அபூர்வம் அல்லவா?

கெடு மேலும் நீளவில்லை. கடைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் எக்ஸ்.பி. கொடுப்பது ஜூன் 30-ந் தேதியோடு நின்றது. ஆனால் இரண்டு வழிகள் திறந்திருந்தன.

ஒன்று: விஸ்டாவின் உயர்ந்த ரகங்களான "பிசினஸ்", "அல்டிமேட்" ஆகியவற்றை வாங்கியவர்கள், அதற்குப் பதிலாக எக்ஸ்.பி.யின் "புரொபஷனல்" ரகத்தைப் போட்டுக்கொள்ள உரிமை உண்டு. வீட்டுக்கான மலிவு ரகம் வாங்கியவர்களுக்கு அந்த உரிமை இல்லை!

இரண்டு: அப்போது புதிதாக வந்த "நெட்புக்" என்ற குட்டிக் கம்ப்யூட்டர்கள். விஸ்டாவின் பாரத்தை அவை தாங்கமாட்டா. எனவே அவற்றில் எக்ஸ்.பி.யையே வைத்து விற்க அனுமதி தரப்பட்டது.

நீலத் திரை

உரிமை கிடைத்தவர்கள் எக்ஸ்.பி. தகட்டை வாங்கிப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

"இந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கே இல்லை" என்றது எக்ஸ்.பி! சில கம்ப்யூட்டர்களில் திரை முழுவதும் நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது.

டிஸ்க் எங்கும் போகவில்லை. உள்ளேதான் இருந்தது. எக்ஸ்.பி.க்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை.

எக்ஸ்.பி. பிறந்தது 2001-ம் ஆண்டில். அதற்குப் பிறகு டிஸ்க்குகளை இணைக்கும் முறை மாறிவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்த பழைய மேஸ்திரிக்குப் புது ஆட்களின் பாஷை புரியவில்லை!

பாஷை புரிய வைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் அதை "டிரைவர்" என்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் அல்ல. ஓர் உறுப்பை எப்படி வேலை வாங்குவது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறு கட்டளைத் தொகுப்பு அது.

டிஸ்க்குக்கான டிரைவரைக் கொடுக்க எக்ஸ்.பி.யில் வழி இருந்தது. ஆரம்பத்தில் "எப்-6" என்ற பொத்தானை அழுத்தினால் கேட்கும். ஆனால் "பிளாப்பி" என்ற பழைய காலத்து மெல்லிய தகட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பிளாப்பி போடும் வாயே கிடையாது!

விஷயம் தெரிந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். பல கம்ப்யூட்டர்களில், தொடக்க அமைப்புக்குள் போய், டிஸ்க்கைப் பழைய முறையில் வேலை செய்யும்படி மாற்றிவிடலாம். அதன் பிறகு எக்ஸ்.பி. அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

பெட்டிக்குள் சாவி

ஒரு வழியாக எக்ஸ்.பி. ஏறிவிட்டது. இனி நிம்மதிதானே?

இல்லை! சத்தம் வரவில்லை. திரையில் எழுத்துகள் கொட்டைக் கொட்டையாகத் தெரிந்தன. இன்டர்நெட் வேலை செய்யவில்லை.

ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? இன்டர்நெட்டில். இன்டர்நெட் ஏன் வேலை செய்யவில்லை? டிரைவர் இல்லாததால்!

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழையதைப் போடும்போது டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். அதில் இருக்கும் படம், கடிதம், கணக்கு எல்லாம் அதோடு போய்விடும். கம்ப்யூட்டரை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பும் வசதியைப் பல கம்பெனிகள் அதே டிஸ்க்கின் ஒரு மூலையில்தான் வைத்திருந்தன. முழு டிஸ்க்கையும் துடைத்தால் அதுவும் போய்விடும். பிறகு முன்னாலும் போக முடியாது; பின்னாலும் போக முடியாது.

அனுபவசாலிகள் செய்தது என்ன?

முதலில், எல்லாப் படங்களையும் கடிதங்களையும் வேறு தகட்டில் பிரதி எடுத்தார்கள். அந்தப் பிரதி சரியாகத் திறக்கிறதா என்று இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள்.

இரண்டாவது, வாங்கிய நிலைக்குத் திரும்ப உதவும் தகடுகளைத் தயார் செய்து வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, தங்கள் கம்ப்யூட்டருக்கு எக்ஸ்.பி. டிரைவர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, முன்கூட்டியே சேகரித்தார்கள். இல்லை என்றால் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகுதான் டிஸ்க்கில் கை வைத்தார்கள்.

பழையதற்கும் ஆயுள் உண்டு

2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி "விண்டோஸ் 7" வந்தது. விஸ்டாவில் இருந்த குறைகள் பல அதில் நீங்கின. சண்டையும் ஓய்ந்தது.

ஆனால் எக்ஸ்.பி.யை விடாதவர்கள் பலர் இருந்தார்கள். 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதியோடு எக்ஸ்.பி.க்குப் பழுது பார்க்கும் வேலையை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதற்குப் பிறகு புதிதாக ஓட்டை தெரிந்தால் அடைப்பார் இல்லை.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட விஸ்டாவுக்கோ 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை பழுது பார்த்தார்கள்!

அடுத்த மாதமே, 2017-ம் ஆண்டு மே மாதம், "வானாக்ரை" என்ற வைரஸ் உலகம் எங்கும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ளவற்றைப் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால்தான் திறப்போம்" என்று அது மிரட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஓட்டை அடைக்கப்படாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களே அதற்கு இரையாயின. நிலைமையைப் பார்த்த மைக்ரோசாப்ட், கைவிட்ட எக்ஸ்.பி.க்கும் அவசரமாக ஒரு பழுது பார்ப்பு வெளியிட்டது.

இந்தக் கதை எக்ஸ்.பி.யோடு முடியவில்லை. 2021-ம் ஆண்டில் "விண்டோஸ் 11" வந்தபோதும், பழைய "விண்டோஸ் 10"-க்குத் திரும்ப விரும்பியவர்கள் உண்டு. 10-ல் இருந்து 11-க்கு மாறியவர்கள், 10 நாட்களுக்குள் சுலபமாகத் திரும்ப வழி வைத்திருந்தார்கள். அந்த விண்டோஸ் 10-க்கும் வழக்கமான பழுது பார்ப்பு 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது.

ஆகவே, பழையதற்குத் திரும்ப நினைப்பவர் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பழையதற்கு இந்த மெஷினின் பாஷை தெரியுமா? அதற்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள்? வீட்டுப் படங்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா?

விண்டோசை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். குழந்தையின் முதல் பிறந்தநாளை மறுபடியும் படம் பிடிக்க முடியாது.