சிறு திருப்பு விசை அலகுகளின் மாற்றம்: பட்டு நூல் சுற்றும் பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சிறு மோட்டார்களின் திருப்பு விசை அவுன்ஸ் அங்குலம், கிலோகிராம் சென்டிமீட்டர், நியூட்டன் மீட்டர் எனப் பலவாறு குறிக்கப்படுகிறது. இவ்வலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறையையும், ‘விசை’ என்னும் சொல் விடுபடுவதால் நேரும் பிழையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பு விசை, நிறை, எடை, அலகு மாற்றம், பட்டு நூல்.

முன்னுரை

காஞ்சிபுரம் வட்டாரப் பட்டு நெசவில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது இன்றியமையாத முன்பணியாகும். கையால் சுழற்றும் இராட்டினத்தோடு, சிறு மின்மோட்டார் பொருத்திய இராட்டினமும் இன்று வழக்கில் உள்ளது. கை, நூலின் இறுக்கத்தை உணர்ந்து தளரும். மோட்டார் அவ்வாறு உணராது. எனவே அதன் திருப்பு விசையைச் சரியாகக் கணித்து வரம்பிடுதல் வேண்டும்.

நிறையும் எடையும்

விசையைச் சுழல் அச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவால் பெருக்கக் கிடைப்பது திருப்பு விசை. கிலோகிராம், அவுன்ஸ், பவுண்டு ஆகியவை நிறையின் அலகுகள். அந்நிறையைப் புவி ஈர்க்கும் விசையே எடை. அன்றாட வழக்கில் இரண்டையும் ‘எடை’ என்றே சொல்லினும், அறிவியல் தமிழ் இவற்றை வேறுபடுத்துகிறது. ஆகவே ‘கிலோகிராம் சென்டிமீட்டர்’ என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் ‘கிலோகிராம்-விசை சென்டிமீட்டர்’ என்றே கொள்ள வேண்டும்.

மாற்றத்தின் அடிப்படை

இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறையை ஏற்றது. எனினும் இறக்குமதியாகும் கருவிகளில் பழைய அலகுகள் தொடர்கின்றன. 1959இல் ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ். புவியீர்ப்பு முடுக்கத்தின் திட்ட மதிப்பு 9.80665 என 1901இல் வரையறுக்கப்பட்டது. இம்மூன்று மதிப்புகளிலிருந்தும் பின்வருவன பெறப்படுகின்றன:

1 கிராம்-விசை சென்டிமீட்டர் = 0.0980665 மில்லிநியூட்டன் மீட்டர்
1 அவுன்ஸ்-விசை அங்குலம் = 7.0616 மில்லிநியூட்டன் மீட்டர்
1 கிலோகிராம்-விசை சென்டிமீட்டர் = 98.0665 மில்லிநியூட்டன் மீட்டர்
1 பவுண்டு-விசை அங்குலம் = 112.985 மில்லிநியூட்டன் மீட்டர்

எந்த அலகையும் முதலில் மில்லிநியூட்டன் மீட்டருக்கு மாற்றி, அதன்பின் வேண்டிய அலகுக்குக் கொண்டுசெல்வது குழப்பத்தைத் தவிர்க்கும். சான்றாக, 59 அவுன்ஸ்-விசை அங்குலம் என்பது 59 × 7.0616 = 417 மில்லிநியூட்டன் மீட்டர். அதனை 98.0665ஆல் வகுத்தால் 4.25 கிலோகிராம்-விசை சென்டிமீட்டர் கிடைக்கும். மனக்கணக்கில் அவுன்ஸ்-விசை அங்குலத்தை 7ஆல் பெருக்கினால் போதும். பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

பிழையின் விளைவு

சுற்றும் உருளையின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்றும், நூலில் அனுமதிக்கும் இழுவிசை 25 கிராம்-விசை என்றும் கொள்வோம். உராய்வை விடுத்தால், வேண்டிய திருப்பு விசை 50 கிராம்-விசை சென்டிமீட்டர், அதாவது 4.9 மில்லிநியூட்டன் மீட்டர் அல்லது 0.69 அவுன்ஸ்-விசை அங்குலம். இந்த 0.69ஐப் பவுண்டு-விசை அங்குலம் எனப் பிறழக் கொண்டு மோட்டாரின் வரம்பை அமைத்தால் விசை பதினாறு மடங்காகும். நூல் சிக்கும் நேரத்தில் அதன்மேல் 400 கிராம்-விசை வரை செயற்படும். கச்சாப் பட்டு டெனியர் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம்-விசை தாங்கும். 21 டெனியர் இழைகள் மூன்றைச் சேர்த்தாலும் தாங்குதிறன் ஏறக்குறைய 250 கிராம்-விசையே. எனவே நூல் அறுவது உறுதி.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 1.8 கிலோகிராம்-விசை சென்டிமீட்டர் என்பதை 1.8 நியூட்டன் சென்டிமீட்டர் எனக் கொள்வோர், 176.5 மில்லிநியூட்டன் மீட்டர் திறனுடைய மோட்டாரை 18 மட்டுமே உடையதெனத் தள்ளிவிடுவர். தேவையினும் ஏறத்தாழப் பத்து மடங்கு வலியதை வாங்குவர்.

முடிவுரை

மேற்கண்ட பிழைகள் பெருக்கலில் எழுவன அல்ல. அலகின் பெயரை முழுமையாக எழுதாமையாலும் படிக்காமையாலும் எழுவன. நிறை, எடை என இரு சொற்களைத் தமிழ் தெளிவாக வகுத்துத் தந்துள்ளது. பாடநூல்களும் தொழிற்பயிற்சிக் கையேடுகளும் ‘அவுன்ஸ்-விசை’, ‘கிலோகிராம்-விசை’ என்று முழுமையாக எழுதி, அருகே மில்லிநியூட்டன் மீட்டர் மதிப்பையும் தருவது கற்போர்க்கும் தொழில் செய்வோர்க்கும் ஒருங்கே பயன்தரும்.