கணிப்பொறியில் முளைக்கும் கோரை

ஊரை விட்டு வடக்கே வந்து பயிலும் நமக்கு வீட்டிலிருந்து அடிக்கடி வரும் செய்திகளில் ஒன்று இது: "கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது, கடைக்காரர் வந்து எடுத்துவிட்டுப் போனார், மறு வாரமே திரும்ப வந்துவிட்டது." இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதற்கில்லை. அந்தப் பெட்டிக்குள்ளேதான் தந்தையாரின் ஓய்வூதியக் கணக்கு இருக்கிறது. தங்கையின் கல்லூரிச் சேர்க்கைத் தாள்கள் இருக்கின்றன. மறைந்த பாட்டியின் படங்கள் இருக்கின்றன. விடுதி அறையிலுள்ள நம் பொறி கெட்டாலோ, ஆய்வுக்கூடத்தில் ஈராண்டு திரட்டிய அளவீடுகள் ஒரே நாளில் போய்விடலாம். ஆகவே, எடுத்தும் போகாத வைரஸ் எத்தகையது, அது ஏன் திரும்புகிறது, அதைக் களைவது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது விண்டோஸ் ஆதலால், அதையே கொண்டு விளக்குகிறேன்.

வைரஸ் என்பது யாது?

கணிப்பொறி வைரஸ் உயிர்ப்பொருள் அன்று. மற்ற நிரல்களைப் போல அதுவும் ஒரு நிரலே. தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும் இயல்புதான் அதன் தனித்தன்மை. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் பொறி இருக்கக்கூடும் என்பதை ஜான் வான் நாய்மன் 1949-ஆம் ஆண்டிலேயே தம் விரிவுரைகளில் எடுத்துரைத்தார். 1983-இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரெட் கோஹன் என்னும் மாணவர் அத்தகைய நிரலைச் செய்தே காட்டினார். அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஏடில்மன் அதற்கு "வைரஸ்" என்று பெயர் வைத்தார். 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய "பிரெய்ன்" என்னும் வைரஸ், பிளாப்பித் தட்டுகளின் வழியே பல நாடுகளுக்கும் பரவியது. தட்டு போய்ப் பென்டிரைவும் இணையமும் வந்தன; பரவும் கலை மட்டும் மாறவில்லை.

அறிவியல் மாணவர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எல்லா வைரஸ்களையும் ஒன்றுவிடாமல், பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரல் எதுவும் இருக்க முடியாது என்று கோஹன் நிறுவினார். ஒரு நிரல் நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைப் பொதுவிதி ஒன்றால் முடிவு செய்ய இயலாது என்று ஆலன் டூரிங் 1936-இல் காட்டியதன் வழிவந்த முடிவே இது. ஆதலின், "ஒன்றும் இல்லை" என்று வைரஸ் எதிர்ப்பு நிரல் சொல்வது, "எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை" என்று சொல்வதே ஆகும். இந்த வேறுபாட்டை மறந்தவர்களே ஏமாறுகின்றனர்.

நோயா, நோயின் தோற்றமா?

மருந்து கொடுக்குமுன் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும் அன்றோ? வீட்டிலிருந்து வரும் முறையீடுகளில் பல, உண்மையில் வைரஸால் வந்தவை அல்ல. திரையின் வலது மூலையில் "உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். எப்போதோ ஒரு வலைத்தளம் "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும், வீட்டில் ஒருவர் "ஆம்" என்று அழுத்தியிருப்பார். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து, அந்தத் தளத்தை நீக்கினால் தொல்லை தீர்ந்தது. அந்த அறிவிப்பில் தொலைபேசி எண் தரப்பட்டிருந்தால், அதை அழைக்கவே கூடாது என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பொறியைவிட அவர்களுடைய வங்கிக் கணக்கின் மேல்தான் அந்த எண்ணுக்குரியவனுக்குக் கண்.

உண்மையான தொற்றின் அடையாளங்கள் வேறு. விண்டோஸின் டிஃபெண்டர் தானாக அணைந்து கிடக்கும், இயக்கினால் இயங்காது. மற்றத் தளங்கள் திறக்கும். வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறவா. 2008 நவம்பரில் தோன்றிய "கான்ஃபிக்கர்" இவ்வாறுதான் செய்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே மூடிக்கொள்ளும். பென்டிரைவிலுள்ள கோப்புகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதித்தல் கூடாது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வயலில் கோரையைப் பிடுங்கிய உழவர்க்குத் தெரியும். மேலே உள்ள புல் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணிலேயே கிடக்கும். நான்கு நாளில் மறுபடியும் தளிர் காட்டும். போகாத வைரஸின் கதையும் இதுவே. கிழங்கு கிடக்கும் இடங்கள் நான்கு.

ஒன்று, தானே தொடங்கும் இடங்கள். பொறியை இயக்கியதும் எந்தெந்த நிரல்கள் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது: ரெஜிஸ்ட்ரி, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள் எனப் பல. கோப்பை அழித்துவிட்டு இந்தக் குறிப்பை விட்டுவைத்தால், அது இணையத்திலிருந்து புதிய படியை இறக்கிக்கொள்ளும். சில வைரஸ்கள் இரண்டாகப் பிரிந்து நின்று ஒன்றையொன்று காக்கும்; ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை எழுப்பிவிடும்.

இரண்டு, நல்ல கோப்புகளின் வயிறு. 2003 முதல் உலவும் "சாலிட்டி" என்னும் வைரஸ், பொறியிலுள்ள இயங்கு கோப்புகளுக்குள்ளேயே தன்னைப் புகுத்திக்கொள்வது. பாதுகாப்பு நிரல்களை முடக்குவது. சேஃப் மோடில் நுழையும் வழியையும் அடைப்பது. ஈண்டு ஒரு செய்தியைக் கவனியுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவார். டி டிரைவில் படங்கள் இருப்பதால் அதைத் தொடமாட்டார். பழைய விளையாட்டுகளும் நிரல்களும் அந்த டி டிரைவில்தான் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தம்பி அழுத்தினால் போதும். புது விண்டோஸில் பழைய நோய் குடியேறிவிடும். "ஃபார்மட் செய்தும் போகவில்லை" என்ற வியப்புக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

மூன்று, இயங்குதளத்தின் அடித்தளம். ரூட்கிட் எனப்படும் வகை, விண்டோஸின் உட்பகுதியிலேயே அமர்ந்துவிடும். "இந்தக் கோப்புறையில் என்னென்ன உள்ளன?" என்று சோதனை நிரல் விண்டோஸைக் கேட்டால், இடையில் நிற்கும் இது தன் பெயரை மட்டும் மறைத்துவிட்டு விடை தரும். வேலியே பயிரை மேயும்போது வேலியிடம் சாட்சி கேட்டுப் பயன் யாது? இத்தகையதை உள்ளிருந்து தேடக்கூடாது; வெளியிலிருந்து தேட வேண்டும்.

நான்கு, வெளியிலிருந்து திரும்பும் வழிகள். பென்டிரைவ், வீட்டிலுள்ள மற்றொரு பொறி, திருட்டு நிரல்களின் பூட்டுடைக்கும் கருவி ஆகியவை நாம் அறிந்தவை. அறியாத வழி ஒன்றும் உண்டு. உலாவியில் தீய நீட்சி ஒன்று சேர்ந்திருந்தால், கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி அதையும் சேமித்து வைத்திருக்கும். பொறியைத் துடைத்துவிட்டு அதே கணக்கில் நுழைந்தவுடன், அந்த நீட்சியும் உடன் வந்து சேரும்.

பென்டிரைவைப் பற்றி ஒரு சொல். முன்னர், அதைச் செருகியவுடனே உள்ளிருக்கும் நிரல் தானாக ஓடும் வசதி இருந்தது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அதை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. அதனால் குறுக்குவழி வைரஸ் நம் கையையே நம்புகிறது. உங்கள் கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழி ஒன்றை வைக்கும். அதை அழுத்தினால் வைரஸும் ஓடும்; கோப்புறையும் திறக்கும். கோப்புறை திறந்துவிட்டதால் நமக்கு ஐயம் எழுவதில்லை! இதில் ஆறுதல் என்னவென்றால், கோப்புகள் அழிந்துவிடவில்லை என்பதே. தூய பொறியில் குறுக்குவழிகளைத் தொடாமல், மறைந்த கோப்புகளையும் காக்கப்பட்ட கணிப்பொறிக் கோப்புகளையும் காட்டுமாறு அமைத்தால் அவை கண்ணுக்குத் தெரியும். ஆய்வேட்டை இழந்துவிட்டதாக எண்ணிப் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

களையும் முறை

வரிசை மாறாமல் செய்தல் இன்றியமையாதது.

முதலாவது, இணையத்தைத் துண்டியுங்கள். வைரஸ் புதுப்படி இறக்குவதும், நம் செய்திகளை வெளியே அனுப்புவதும் நிற்கும்.

இரண்டாவது, வேறொரு தூய கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுமாறும் கணக்கில் ஆணையிடுங்கள். நோயுற்ற பொறியிலேயே மாற்றினால், புதிய கடவுச்சொல்லையும் திருடனிடம் ஒப்படைத்தவராவோம். பணம் போயிருந்தால், ஒரு நொடியும் தாமதியாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, இன்றியமையாத கோப்புகளைக் காப்பாற்றுங்கள். தூய பொறியில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து நோயுற்ற பொறியை இயக்குவது சிறந்த வழி. அப்போது விண்டோஸ் உறங்கும், வைரஸும் உறங்கும். ஆவணங்கள், படங்கள், அளவீடுகள் இவற்றை மட்டும் படியெடுங்கள். இயங்கு கோப்புகள், குறுக்குவழிகள், ஸ்கிரிப்டுகள் ஒன்றும் வேண்டாம். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புச் சாவியை முன்னரே எடுத்து வைத்துக்கொள்க.

நான்காவது, வெளியிலிருந்து சோதியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் சோதனை வகைகளுள் டிஃபெண்டர் ஆஃப்லைன் என்பது ஒன்று. அது பொறியை மறுபடி தொடக்கி, வழக்கமான விண்டோஸ் எழுமுன்பே தேடும்; ஏறத்தாழ 15 நிமிடம் பிடிக்கும். பின்னர் வேறொரு நிறுவனத்தின் கருவியாலும் ஒருமுறை பாருங்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இத்தகைய கருவிகளை இலவசமாகத் தருகிறது. இரண்டு காவல் நிரல்களை நிலையாக ஏற்றி வைத்தல் மட்டும் வேண்டா, ஒன்றோடொன்று மோதும்.

ஐந்தாவது, கிழங்கைத் தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் ஆட்டோரன்ஸ் என்னும் கருவி, தானே தொடங்கும் இடங்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாகக் காட்டும். கையொப்பம் அற்றவை, தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடுபவை ஆகியவற்றை ஐயத்தோடு நோக்குங்கள். முதலில் நீக்காமல், குறியை மட்டும் எடுத்து நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

எப்போது அடியோடு களைவது?

இவ்வளவும் செய்த பின்னும் ஒருமுறை திரும்பிவிட்டால், போராட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதே என் கருத்து. சாலிட்டி போல் கோப்புகளுக்குள் புகுந்ததாயினும், வங்கிக் கணக்கைத் திறக்கும் பொறியாயினும், முதல் முறையிலேயே புதிதாக ஏற்றிவிடுவது நல்லது. போனதா இல்லையா என்று ஐயுற்றுக்கொண்டே ஓய்வூதியக் கணக்கைத் திறப்பதினும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுதல் மேலன்றோ?

தூய பொறி ஒன்றில், குறைந்தது 8 ஜிபி கொள்ளும் பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்குங்கள். காப்பாற்றிய கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின், நிறுவும்போது சி, டி என்னும் பகுதிகள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். முறையான உரிமம் உள்ள பொறியாயின், இணையத்தோடு சேர்ந்ததும் பெரும்பாலும் தானே உரிமம் பெற்றுவிடும். பூட்டுடைத்த விண்டோஸைக் கடைக்காரரிடம் மீண்டும் வாங்கி ஏற்றுவது, கோரைக் கிழங்கை நாமே விதைப்பதாகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் கருதுக. பொறி ஏற்குமாயின் 11-ஐயே ஏற்றுக. ஏற்காத பழைய பொறிக்கு லினக்ஸ் உண்டு. முதலில் இற்றைப்படுத்தல்களை எல்லாம் முடித்து, மீட்ட கோப்புகளையும் வீட்டிலுள்ள எல்லாப் பென்டிரைவ்களையும் சோதித்த பிறகே படியெடுக்க வேண்டும். உலாவிக் கணக்கிலுள்ள நீட்சிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வருமுன் காத்தல்

2017 மே 12-ஆம் நாள் "வான்னாக்ரை" உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதச் சோம்பலின் விலை அது. அவ்வாறு பூட்டப்பட்ட கோப்புகள், வைரஸை நீக்கிவிட்டதனால் மட்டும் திறந்துவிடா. அங்கே நம்மைக் காப்பது ஒன்றே: பொறியோடு இணைக்கப்படாமல் தனியே வைத்த மற்றொரு படி. ஆய்வேட்டை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொண்டு சட்டைப்பையில் திரியும் நண்பர்கள் இதை இன்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

அச்சுக் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டு செல்வதை விட்டு, கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெற்றோர் நாள்தோறும் புழங்கும் கணக்கு, நிரல் நிறுவும் அதிகாரம் அற்ற எளிய கணக்காக இருக்கட்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இதைச் செய்துவைக்க அரைமணி நேரம் போதும்.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்றும், லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றும் மன்ற அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். இரண்டின் மேலும் செய்த தேதியை எழுதி ஒட்டுவோம். பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிப்போம். தேர்வுக்கு முந்திய இரவில் ஒரு நண்பரின் பொறி விழுந்தால், மொழி தெரியாத கடையைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. மாடிப்படி ஏறி வந்தால் போதும்.