மலைப் பாதையும் பழைய கியர் பெட்டியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப் பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் குற்றங்கள் யாவும் அம்பலமாகிவிடும். முதல் மூன்று கியர்களில் முனகும் பெட்டி நான்காவதில் மௌனமாகிறதா? பெரும்பாலும் தேய்ந்தது துணைத் தண்டின் தாங்கிகளே. நான்காவதில் விசை அத்தண்டின் வழியே செல்வதில்லையன்றோ! இறக்கத்தில் கியர் தானே கழன்றால் வண்டி பிரேக்கை மட்டுமே நம்பி ஓடும். அதற்குமேல் தாமதம் கூடாது.

இரண்டாவதற்கு மாற்றுகையில் பற்கள் கறகறத்தால் பித்தளை வளையத்தை மாற்ற வேண்டும். (பழைய ஹெரால்டில் முதல் கியருக்கு இவ்வளையமே கிடையாது, அங்கே கறகறத்தால் குற்றம் ஓட்டுபவருடையது!)

1962-ல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்பயருக்கும், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் கியர் பெட்டி ஒரே குலம். ஆதலால், சாமானுக்குச் சீமைக்கு எழுதுமுன் பழைய ஹெரால்டு ஒன்றைத் தேடிப் பார்ப்பதே உசிதமென்போம். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஆசனங்களுக்கிடையிலுள்ள மூடியைக் கழற்றிப் பெட்டியை வண்டிக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம்.